தட்டியை இறக்கிவிடுங்கள்: நம் ஊர் வியாபாரிகள் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கேரளத்தின் இடுக்கி மலையில் இருக்கும் நம் ஊர்ப் பஸ் நிலையத்தின் முன்னால் சென்ற வாரம் நீங்கள் கட்டிய தட்டியை நின்று படித்தேன். குற்றங்கள் பெருகிவிட்டதால் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு யாரும் அறை வாடகைக்கு விடக் கூடாது என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கிறீர்கள். உங்களில் பலர் என்னிடம் கணக்குப் பாடம் படித்தவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். பின்சந்தில் அந்தக் கொலை நடந்த இரவு, பையனின் தாய் கதறியது என் திண்ணை வரை கேட்டது. கதவைத் தாழிட்ட பிறகும் எழுந்துபோய் இழுத்துப் பார்த்தேன். ஆனால் கொன்றவனும் செத்தவனும் இதே லயங்களில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். கைமாற்றுப் பணத்தில் வந்த தகராறு. இது உங்களுக்கும் தெரியும். பிறகு எப்படி அந்தப் பழி, ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் தலையில் விழுந்தது?

நம் ஊரின் கொலை விகிதம் நாட்டுச் சராசரியைப் போல் ஐந்து மடங்கு என்று கூட்டத்தில் ஒருவர் பேசியதாக அறிந்தேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 2.1 கொலைகள். பத்தாயிரம் பேர் உள்ள ஊரில் ஓர் ஆண்டில் ஒரே ஒரு கொலை நடந்தாலும் விகிதம் லட்சத்துக்கு 10 ஆகிவிடும். அந்த ஐந்து மடங்கு இப்படித்தான் வந்தது. மறு ஆண்டு ஒன்றும் நடக்காவிட்டால் விகிதம் சுழியம். ஓர் உயிர் போனது பெருந்துயரம்தான். அந்த ஓர் உயிரை வைத்து ஊரின் போக்கைக் கணிக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். நீங்கள் கீழே வைத்த பத்தாயிரம் 2011 மக்கள்தொகைக் கணக்கு. அதை எடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். வரிசை வரிசையாக லயங்கள் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த வீடுகளில் தாத்தாவும் பாட்டியும். பிள்ளைகள் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும். 2001-இல் 11,29,221 பேர் இருந்த நம் இடுக்கி மாவட்டத்தில் 2011-இல் 11,08,974 பேர்தான். கேரளம் முழுவதும் 4.9 விழுக்காடு கூடிய அதே பத்தாண்டில் நம் மாவட்டம் தேய்ந்தது. பூட்டிக் கிடந்த அந்த லயங்களில் இப்போது ஜார்க்கண்ட், அசாம், ஒடிசாக் குடும்பங்கள் அடுப்பு மூட்டுகின்றன. கட்டட வேலைக்கு வந்த இளைஞர்கள் கடைவீதி மாடிகளில் தங்கியிருக்கிறார்கள். இவர்களில் யாரும் உங்கள் பத்தாயிரத்தில் இல்லை. சீசனில் வந்து குவியும் சுற்றுலாப் பயணிகளும் இல்லை. மேலே இன்றைய வழக்குகள், கீழே 2011-இன் ஆட்கள். இந்தப் பின்னத்தை மாணவன் எழுதியிருந்தால் நான் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன்.

கொலைகளின் காரணங்களையும் பாருங்கள். அதே 2022-இல் நாட்டில் நடந்த 28,522 கொலைகளில் 9,962 தகராறுகளால் நடந்தவை; ஆதாயத்துக்காக நடந்தவை 1,884. பெண்களுக்கு எதிரான குற்றங்களில் 31.4 விழுக்காடு, கணவரும் அவர் உறவினர்களும் செய்த கொடுமை. ஆபத்து வெளியூர்க்காரனிடமிருந்துதான் வரும் என்று இந்தக் கணக்குச் சொல்லவில்லை. லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரு சுவர்தான். எந்த வீட்டில் அடி விழுகிறது என்று வரிசைக்கே தெரியும், ஆனால் அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக ஒருவரும் வருவதில்லை. துணிந்து போனவளின் கையில் மலையாளத்தில் எழுதிய முதல் தகவல் அறிக்கையைக் கொடுக்கிறார்கள். தான் சொன்னதைத்தான் எழுதினார்களா என்று அவளால் படித்துப் பார்க்க முடிவதில்லை. தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதி, தமிழிலேயே பதில் பெற 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. சங்கம் கையில் எடுக்க வேண்டிய விஷயம் இது. இதற்கு ஒரு தட்டி கட்டியிருந்தால் முதல் ஆளாக வந்து கயிறு பிடித்திருப்பேன்.

இந்தத் தட்டியைப் பார்க்கும்போது எனக்குப் பாலக்காட்டு மலைப்பகுதியான அட்டப்பாடிதான் நினைவுக்கு வருகிறது. 2018 பிப்ரவரியில் அரிசி திருடினான் என்று ஒரு பழங்குடி இளைஞனைக் காட்டிலிருந்து பிடித்து வந்து, கையைக் கட்டி, படம் எடுத்து, அடித்தே கொன்றார்கள். 2023-இல் நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. சொந்த மலையில் பிறந்தவனுக்கே அந்தக் கதி. மொழி தெரியாமல் நம் சந்தில் நிற்பவனை நினைத்துப் பாருங்கள்.

நம் பூட்டன்களைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் திருநெல்வேலிப் பக்கமும் மதுரைப் பக்கமும் இருந்து இந்த மலைக்கு நடத்திக் கூட்டி வந்தார்கள். தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் பாண்டிக்காரன் என்ற சொல்லை நம் அப்பன்மார் எந்த முகத்தோடு கேட்டுக்கொண்டு நின்றார்கள் என்பதை நான் சிறுவனாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்குப் பதிலாக இப்போது நம் பிள்ளைகள் வாயில் 'பெங்காளி' வந்திருக்கிறது. ராஞ்சியிலிருந்து வந்தவனையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நீங்கள் கட்டிய தட்டியை அவர்கள் தினமும் படித்துவிட்டுத்தான் பள்ளிக்கூட பஸ் ஏறுகிறார்கள்.

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து அடுத்த கணக்கெடுப்பு என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. கதவைத் தட்டும் ஆசிரியரைக் கண்டு மாடி அறைக்காரர்கள் ஒளிந்துகொண்டால், அவர்கள் மறுபடியும் கணக்கில் வர மாட்டார்கள். ஆகவே அதற்கு முன் தட்டியை இறக்கிவிடுங்கள். ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய மனுவை நான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கடந்த பத்து ஆண்டுகளில் பதிவான அடிதடி, வெட்டு, கொலை வழக்குகள் எத்தனை, எங்கே நடந்தன, தாக்கியவருக்கும் தாக்கப்பட்டவருக்கும் என்ன உறவு என்று ஆண்டுவாரியாகக் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன். சங்க முத்திரையும் உங்கள் கையெழுத்துகளும்தான் பாக்கி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர்,
தேவிகுளம் தாலுகா