காது மட்டும் என் காதாகவே இருந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன் என்று உனக்குக் கோபம். உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை டி, என் பழைய கூத்து ஞாபகம் வந்தது. முதல் வேலையில் எடுத்த குரூப் போட்டோ ஒன்றை பீரோ அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன், உனக்குக்கூடக் காட்டியதில்லை. "இதுதான் உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்று கடைக்காரப் பெண் என் நிறத்தைவிட இரண்டு ஷேடு வெளுப்பாக, முகத்தில் தோல் நிறத்துக்குப் பூசுகிற ஃபவுண்டேஷன் ஒன்றைக் கொடுத்தாள், நானும் வாயைத் திறக்காமல் வாங்கிப் பூசிக்கொண்டு போய் நின்றேன். முகமெல்லாம் சாம்பல் பூத்திருக்க, காது மட்டும் என் காதாகவே இருந்தது.

உன் முகத்தில் நேற்று தெரிந்ததும் அந்தச் சாம்பல்தான். மேக்கப் போட்டதே தெரியக்கூடாது, ஆனால் களையாக இருக்கணும், என்ன வாங்கட்டும் என்று கேட்டாயே, வாங்குவதை அப்புறம் பார்க்கலாம். முதலில் நிறத்தைச் சரி பண்ணு.

ஃபவுண்டேஷனைப் புறங்கையில் தடவிப் பார்க்காதே, கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடை ஓரத்தில் மூன்று ஷேடுகளைப் பக்கம் பக்கமாகக் கோடு போட்டுக்கொண்டு கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பார், எது கண்ணுக்குத் தெரியாமல் தோலோடு போய்விடுகிறதோ அதுதான் உன்னுடையது. உடனே வாங்கிவிடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் பொறு, ஏனென்றால் சில ஃபவுண்டேஷன் பூசிய கொஞ்ச நேரத்தில் ஒரு படி கருத்துப்போகும். கருமை வெளுப்பு எல்லாம் பொருந்தியும் முகம் என்னவோ போல இருந்தால் அது அண்டர்டோன், அதாவது தோலுக்கு அடியில் ஓடும் சாயலின் கோளாறு. நம்மைப் போன்ற மாநிறத்துக்குப் பெரும்பாலும் அடியில் மஞ்சள் ஓடும், அதன்மேல் ரோஸ் சாயல் உள்ளதைப் பூசினால் சாம்பல்தான். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கையில்லை, நம் தோலில் நரம்பே சரியாகத் தெரியாது!

இன்னொன்று, குற்றவாளி ஃபவுண்டேஷனாக இல்லாமல் சன்ஸ்கிரீனாகவும் இருக்கலாம். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு போட்டவை பல நேரம் வெள்ளையாகப் படியும். அதற்காகச் சன்ஸ்கிரீனை விட்டுவிடாதே, நிறம் சேர்த்த டின்டட் வகையை வாங்கிக்கொள். அந்த நிறம் வருவது இரும்பு ஆக்சைடிலிருந்து, மங்கு என்கிற கருந்திட்டு இருக்கிறவர்களுக்கு அது கூடுதல் பாதுகாப்பு, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் அந்தத் திட்டைக் கருக்கவைக்கும், வெள்ளை சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது. எஸ்பிஎஃப், அதாவது வெயில் தடுப்பு அளவு, 30க்குக் குறையாமல், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் போடு. ஃபவுண்டேஷனிலேயே எஸ்பிஎஃப் இருக்கிறதே என்று சொல்லாதே, அதை யாரும் அவ்வளவு கனமாகப் பூசுவதில்லை. உண்மையைச் சொன்னால் டின்டட் சன்ஸ்கிரீன் சரியாக அமைந்துவிட்டால் பாதி நாள் உனக்கு ஃபவுண்டேஷனே வேண்டாம்.

கண்ணுக்குக் கீழே இருக்கிற கருமை என்னிடமிருந்து வந்தது, மன்னித்துக்கொள். அதன்மேல் நேராக வெளிர் நிறக் கன்சீலரை, அதுதான் கருமையை மறைக்கப் பூசுவது, அப்பினால் கருமை மறையாது, சாம்பலாக மாறும், அவ்வளவுதான். நீலம் ஓடிய கருமைக்கு எதிர் நிறம் ஆரஞ்சு, அதனால் முதலில் ஆரஞ்சு அல்லது பீச் நிறக் கரெக்டர், அரிசி அளவுகூட வேண்டாம், மூக்கை ஒட்டிய அந்தக் குழியில் மட்டும் வைத்து மோதிர விரலால் ஒற்று. அந்த விரலுக்குத்தான் அழுத்தம் குறைவு. அதன்மேல் உன் நிறத்திலேயே கன்சீலர், மெல்லிசாக. இமை ரோமம் வரைக்கும் கொண்டுபோனால் மத்தியானத்துக்குள் வரிவரியாகப் பிளந்து நிற்கும்.

ஃபவுண்டேஷன் போடுகிற நாளில் முகம் முழுக்க வேண்டாம். மூக்கின் இரண்டு பக்கம், வாயைச் சுற்றி, தழும்பு இருந்தால் அதன்மேல், அங்கிருந்து வெளியே போகப் போகக் கரைத்துவிடு. ஸ்பாஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு ஒற்று, தேய்க்காதே, தேய்த்தால் அடியிலிருக்கும் சன்ஸ்கிரீன் அழுக்கு மாதிரி உருண்டு உருண்டு வரும் (சன்ஸ்கிரீன் போட்டு ஐந்து நிமிடமாவது விட்டிருக்கணும், அந்த நேரத்தில் தலை வாரிக்கொள்). பவுடர் நெற்றிக்கும் மூக்குக்கும் போதும். கன்னத்தில் கொஞ்சம் மினுமினுப்பு இருந்தால்தான் அது தோல் மாதிரி இருக்கும்.

கன்னத்துக்கு வெளிர் ரோஸ் வேண்டாம், சாக்பீஸ் தூள் மாதிரி நிற்கும். செங்கல் நிறமோ ஆழ்ந்த ரோஸோ க்ரீமாக எடுத்து இரண்டு விரலால் தட்டு, மிச்சத்தை உதட்டில் வை. நான் பல வருஷமாக ஒரே லிப்ஸ்டிக்கை இரண்டுக்கும் வைத்துக்கொள்கிறேன், ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. புருவத்தைப் பிரஷ்ஷால் மேல்பக்கம் சீவிவிட்டு, இடைவெளி இருக்கிற இடத்தில் மட்டும் ரோமம் ரோமமாகக் கீறு. நீ லென்ஸ் போடுகிறவள், கண்மையை உள்விளிம்பில் இழுக்காதே, மேல் இமை ரோமத்தின் வேரோடு ஒட்டினாற்போல் போட்டு அதன்மேல் பிரௌன் ஐஷேடோவைக் கொஞ்சம் ஒற்றினால் சாயங்காலம் வரை வழியாது. லென்ஸை மேக்கப்புக்கு முன்னால் போடு, கலைக்கும்போதும் முதலில் லென்ஸைக் கழற்று.

போன தடவை வந்தபோது உன் பையில் ஒரு மஸ்காரா பார்த்தேன், திறந்து மூன்று மாதமானால் தூக்கிப்போட வேண்டியது அது, நீ எப்போது திறந்தாய் என்று உனக்கே தெரியாது. தூக்கிப் போடு. ஸ்பாஞ்சையும் வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் கசக்கு, அதன் நிறத்தைப் பார்த்து எனக்கு அன்றைக்கே பயம்.

புதிதாக எதை வாங்கினாலும் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடும்போது விளக்கடியில் உட்காராதே, ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து தலையைத் திருப்பிக் காட்டு, நான் காதைப் பார்க்கணும்.

அன்புடன்,
அம்மா