அறிவியல் ஆசிரியர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

கண்காட்சி, வினாடி வினா, சொற்பொழிவு என்று பலவற்றிலும் கைவைக்காமல், இந்த ஆண்டு 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் முதன்மையாக ஒரு திறனையும் அதற்குத் துணையாக இரண்டு பழக்கங்களையும் பிடித்துக்கொள்வது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் மாறாமல் வைத்துக்கொள்வதே அந்தத் திறன். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் கரும்பலகையைப் பார்த்தே பதிவேட்டில் ‘முடிவு’ எழுதிப் பழகிய பிள்ளைக்கு அது எளிதல்ல.

உறுப்பினர் ஒருவரின் 7-ஆம் வகுப்பில் தனி ஊசல் சோதனை நடந்தபோது நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மாணவி சின்னக் குண்டைக் குட்டை நூலிலும் பெரிய குண்டை நீள நூலிலும் கட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, “கனமான குண்டு மெதுவா ஆடுது” என்று எழுதிவிட்டாள். ஆசிரியர் தவறு என்று சொல்லவில்லை. “மெதுவா ஆடுறதுக்குக் காரணம் குண்டா, நூலாம்மா? எதை வச்சுச் சொல்றே?” என்று மட்டும் கேட்டார். அவள் இரண்டு ஊசலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தானே நூலை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினாள்.

அடுத்து நடந்தவை இன்னும் முக்கியமானவை. ஒரே நூலில் பெரிய குண்டைக் கட்டினால் அதன் மையம் சற்றுக் கீழே இறங்கிவிடும் என்பதைப் பக்கத்துக் குழுப் பையன் கண்டுபிடித்தான். ஆகவே நீளத்தைக் குண்டின் மையம்வரை அளந்தார்கள். 1 மீட்டர் ஊசல் 10 அலைவுக்கு (ஒரு முறை போய்த் திரும்பினால் ஓர் அலைவு) ஏறத்தாழ 20 விநாடி எடுத்தது. குண்டை மாற்றியும் நேரம் மாறவில்லை. நூலைக் கால் மீட்டராக்கியதும் 10 விநாடியாகக் குறைந்தது. ஒரு முறைக்கும் மறு முறைக்கும் 0.2 விநாடி வேறுபட்டபோது, அது ஊசலின் வேறுபாடா, ஸ்டாப் வாட்ச்சை அழுத்திய விரலின் வேறுபாடா என்று ஒரு வாக்குவாதமே நடந்தது. ஒரு அலைவை அளக்காமல் பத்தை அளந்து பத்தால் வகுப்பது ஏன் என்பதை அந்த வகுப்பில் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிக்க விடுவதா, எடுத்துச் சொல்வதா என்று நம் கூட்டங்களில் பல முறை வாதம் நடந்தது. டேவிட் கிளார் என்ற உளவியலாளரும் அவரது சகாவும் 1999-இல் வெளியிட்ட ஆய்வைச் சேர்ந்து படித்தோம். மாறிகளைக் கட்டுப்படுத்தும் முறையை, அதாவது ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை மாறாமல் வைக்கும் முறையை, எடுத்துக்காட்டோடு விளக்கிக் கேள்வியும் கேட்டபோது, வெறுமனே செய்துபார்க்க விட்டதைவிடப் பிள்ளைகள் நன்றாகக் கற்றார்கள் என்கிறது அது. என் கருத்தும் இதுதான்: முறையைத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள், விடையை மட்டும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

இரண்டாவது பணி, முதலில் கணித்து எழுதிவிட்டு, பிறகு பார்த்து, அதற்குப் பிறகு விளக்கும் பழக்கம். இதற்கு மெழுகுவத்திச் சோதனையை எடுத்துக்கொண்டோம். தட்டில் நீர் ஊற்றி, எரியும் வத்தியைக் கண்ணாடித் தம்ளரால் மூடினால் சுடர் அணைந்து நீர் மேலேறும். ஆக்சிஜன் தீர்ந்த இடத்தை நீர் நிரப்புகிறது, காற்றில் அது ஐந்தில் ஒரு பங்கு என்றுதான் நம்மில் பலரும் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்திருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். பயிற்சி முகாமில் ஒரு வத்திக்குப் பதில் மூன்று வைத்து, அதே தம்ளரால் மூடினோம். நீர் இன்னும் உயரமாக ஏறியது. தம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் அதே அளவுதானே? கூர்ந்து பார்த்தபோது, மூடும் நேரத்தில் விளிம்பு வழியே காற்றுக் குமிழிகள் வெளியேறுவதும், சுடர் அணைந்த பிறகே நீர் சட்டென்று ஏறுவதும் தெரிந்தன. சூடாகி விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. மிஞ்சியது குளிர்ந்து சுருங்கும்போது, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. பெருங்காரணம் அதுதான். அந்த அறையில் சிறிது நேரம் யாருமே பேசவில்லை. பழைய விளக்கத்தைப் பிள்ளைகளிடம் திருத்திச் சொல்வது என்று அன்றே முடிவு செய்தோம்.

மூன்றாவது, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருத்தல். ஆசிரியர்கள் பொதுவாக 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை 3 விநாடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்று அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். மனத்துக்குள் மூன்று எண்ணுவது எவ்வளவு கடினம் என்று முயன்றுபார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசி வரிசைப் பிள்ளைகளின் குரலைக் கேட்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் கணிப்பு தவறிப்போனால் அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கும் வழக்கம் இன்னும் சில வகுப்புகளில் இருக்கிறது. அப்படிச் செய்தால், அடுத்த முறை சோதனை முடிந்த பிறகே ‘கணிப்பு’ எழுதப்படும், அதையும் அழிரப்பரால் அழித்துவிட்டு. தவறிய கணிப்பை அடிக்காமல் அப்படியே விட்டு, அதன் கீழே காரணம் எழுதச் சொல்லும் பதிவேட்டுப் படிவம் ஒன்றைச் செயற்குழு தயாரித்திருக்கிறது. ஒப்புதலுக்காக அதை இன்று முன்வைக்கிறோம்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தம் வகுப்பறைக் கதவைச் சக ஆசிரியர்களுக்குத் திறந்துவிட்ட உறுப்பினர்களுக்கு மன்றத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி. பிறர் பார்க்கப் பாடம் நடத்தத் துணிவு வேண்டும்.

இவ்வறிக்கையையும் இணைப்பிலுள்ள படிவத்தையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்