நீலத் தோல்காரர்களும் லிஸ்ஸின் கோபமும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குப் பாதிக் காரணம் என் சோம்பல், மீதி நீ தலையில் கட்டிய அந்தப் புத்தகங்கள்தான். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கர் பிடித்து நடக்கிறாள், பிசியோதெரபிக்காரப் பையனை விரட்டி விரட்டி அடிக்காத குறை. ராத்திரி அவளுக்குத் துணையாக விழித்திருக்கும்போது படித்துப் படித்தே ரூபி டிக்சனின் 'ஐஸ் பிளானட் பார்பேரியன்ஸ்' என்ற வேற்றுக்கோள் காதல் கதைத் தொடரில் முதல் நான்கும் முடித்துவிட்டேன்.

2015-ல் டிக்சன் தானே மின்நூலாகப் போட்டது, 2021-ல் டிக்டாக்கில் பரவிய பிறகுதான் பெரிய பதிப்பகம் அச்சில் கொண்டுவந்தது என்பதெல்லாம் நீ சொன்னதுதான். நாயகர்களுக்கு ஏழடி உயரம், நீலத் தோல், கொம்பு, வால் என்றதும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் 'குய்' சமாச்சாரம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கடத்தப்பட்ட அமெரிக்கப் பெண்கள் பனிக்கோளில் வந்து விழுகிறார்கள், அங்கே காற்றே ஆகாது, குய் என்ற ஒட்டுண்ணி உடம்பில் ஏறினால்தான் உயிர் தங்கும், அதற்காக ஒரு ராட்சத விலங்கை வேட்டையாடி, உள்ளே ஒளிரும் புழுக்களை எடுத்துக் கழுத்தில் கீறி விடுகிறார்கள். அப்புறம் ஜோடியைப் பிடிப்பதும் அந்தப் புழுதான். 'சரியான' ஆள் பக்கத்தில் வந்தால் நெஞ்சுக்குள் அதிர ஆரம்பித்து, பிள்ளை உண்டாகும்வரை விடாது. ஜாதகம் பார்க்கிறவராவது வேண்டாம் என்றால் வேறு வரன் காட்டுவார்!

முதல் புத்தகத்தின் ஜார்ஜி இதையெல்லாம் சீக்கிரம் ஏற்றுக்கொண்டாள், எனக்கு அவள்மேல் பெரிய ஒட்டுதல் வரவில்லை. என் ஆள் இரண்டாவதில் வரும் லிஸ்தான். வில் பிடிக்கத் தெரிந்தவள், வாய் நீளம், புழு சொன்னதற்காக நான் ஏன் இவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறாள். புழு அவளுக்குக் காட்டிய ஜோடியான ரஹோஷ் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான், அந்தக் குற்றத்துக்கு அவன் கூட்டமே அவனைத் தள்ளிவைக்கிறது. இந்த இடத்தில் டிக்சனுக்கு நான் மதிப்பெண் போடுவேன், பெண்கள் மிகக் குறைவான ஒரு கூட்டம், அப்படியும் 'பாவம், காதலில் செய்துவிட்டான்' என்று விட்டுவிடவில்லை. ஆனால் லிஸ் கேட்ட கேள்விக்கு மட்டும் கடைசிவரை பதில் இல்லை. அவளுக்கு அவனைப் பிடித்துப்போகிறது, அவ்வளவுதான். பிடித்தது அவளுக்கா, புழுவுக்கா?

இதைப் படிக்கும்போதெல்லாம் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தார். 1987-ல் வந்த அவருடைய 'டான்' (Dawn, விடியல்) நாவலிலும் ஏறக்குறைய இதே கதைதான். அணுப்போருக்குப் பிறகு லிலித் வேற்றுக்கோள்வாசிகளின் கப்பலில் கண்விழிக்கிறாள், அவர்கள் நல்லவர்கள், குணப்படுத்துகிறார்கள், ஆனால் மனிதர்கள் இனித் தங்களோடு கலந்துதான் பிள்ளை பெற வேண்டும் என்கிறார்கள். அவர்களில் ஒன்றான, அவளோடு பிணைந்திருக்கும் நிகாஞ்ச் அவள் வாய் சொல்வதைவிட உடம்பு சொல்வதையே நம்புகிறது, கேட்காமலே அவளைக் கர்ப்பமாக்குகிறது, 'நீ தயாராகத்தான் இருந்தாய்' என்ற தோரணையில். வாய் வேண்டாம் என்கிறது, உடம்பு சரி என்கிறது. டிக்சன் உடம்பை நம்பிக் கல்யாணச் சாப்பாடு போட்டுவிடுகிறார், பட்லர் லிலித்தின் கோபத்தை அப்படியே விட்டுவைக்கிறார். அதனால்தான் பட்லரைப் படித்தால் தூக்கம் போகிறது, டிக்சனைப் படித்தால் அடுத்த பாகம் எங்கே என்று கை தேடுகிறது. எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது, ஆஸ்பத்திரி ராத்திரியில் லிலித்தை என்னால் தாங்கியிருக்க முடியாது.

நீ டிக்சனை வெறும் பொழுதுபோக்கு என்று எழுதியிருந்தாய். பொழுதுபோக்குதான், யார் இல்லை என்றது? ஆனால் ஒரு குகை நிறையப் பெண்கள் ஒருத்திக்கொருத்தி பிரசவம் பார்த்து, தோல் பதப்படுத்தக் கற்று, நடுவே சண்டையும் போடுவதை நீ பக்கம் பக்கமாகத் தள்ளிவிட்டு முத்தத்துக்குப் போயிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா.

உன் பெண்ணுக்கு மேல்படிப்பு என்னவாயிற்று? சென்னையா, வெளியூரா? 'டான்' பழைய பிரதி என்னிடம் இருக்கிறது, தபாலில் அனுப்புகிறேன். படித்துவிட்டு நிகாஞ்ச் பக்கம் பேசினால் சண்டைதான், இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
சாந்தி