எந்த எலும்பு என்று முடிவு செய்பவர்களுக்கு

மருத்துவக் காப்பீட்டு ஒப்புதல் குழுவினருக்கு,

வணக்கம். என் அம்மாவின் விண்ணப்பத்தை மறுத்து நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. புற்றுநோய்க்காகக் கீழ்த்தாடையின் முன்பகுதியை எடுத்தது, உலோக பிளேட் வைத்து மார்புத் தசையால் மூடியது, ரேடியேஷனுக்குப் பிறகு அந்த பிளேட் மோவாய்த் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது, கழற்றியது எல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. இப்போது மருத்துவர்கள் கேட்பது, காலின் ஃபிபுலா எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்துத் தாடையில் வைக்கும் அறுவை. இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைக்கும் ஒட்டே போதும், மற்றது தோற்றத்துக்கானது என்று இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள்.

தோற்றமா? அம்மா சாப்பிடுவது எப்படி என்று சொல்கிறேன். ரசம் சாதத்தை மிக்சியில் அடித்து வடிகட்டிக் கொடுப்போம். முன்னெலும்பு இல்லாததால் கீழுதடு தொங்கிக் கிடக்கிறது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் டம்ளரைச் சரிப்பார். உள்ளே போவது பாதி, கழுத்தில் வழிவது பாதி. எச்சில் நிற்காது, தோளில் கிடக்கும் துண்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மல்லாந்து படுத்தால், பிடிமானம் இல்லாத நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். அதனால் ஒருக்களித்துத்தான் தூக்கம். சொந்தக்காரர் கல்யாணங்களுக்கு எங்கள் வீட்டிலிருந்து இப்போது மொய் மட்டும்தான் போகிறது.

இடுப்பெலும்பு ஒட்டை நான் குறை சொல்லவில்லை. ரேடியேஷன் படாத தாடை, ஐந்தாறு சென்டிமீட்டருக்குள் இடைவெளி என்றால் அது நன்றாகவே பிடிக்கும். அமெலோபிளாஸ்டோமா போன்ற, புற்றல்லாத கட்டியை எடுத்த இளம் வயதினர் பலருக்கு அதுவே போதும், செலவும் குறைவு. ஆனால் அந்த எலும்புத் துண்டுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. சுற்றியுள்ள சதைதான் அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு அந்தச் சதை ரேடியேஷனில் இறுகிக் கிடக்கிறது, இடைவெளியோ 9 சென்டிமீட்டர். வேர்மண்ணோடு பெயர்த்து நடும் கன்றுக்குப் பதிலாக, ஒடித்த குச்சியைக் கட்டாந்தரையில் நடச் சொல்கிறீர்கள்.

ஃபிபுலா தன் தமனியோடும் சிரையோடும் வருகிறது. மைக்ராஸ்கோப் வைத்து அவற்றைக் கழுத்துக் குழாய்களோடு தைப்பார்கள். 20 சென்டிமீட்டருக்கு மேல்கூட எலும்பு கிடைக்கும். தாடையின் வளைவுக்கு ஏற்றபடி வெட்டி மடக்கலாம், கூடவே தோலும் எடுக்கலாம், பின்னாளில் பல்லும் பொருத்தலாம். நியூயார்க்கில் டேவிட் ஹிடால்கோ என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1989-இல் எழுதி வெளியிட்ட முறை இது, நேற்று முளைத்த சோதனை இல்லை. இடுப்பெலும்பையே ரத்தக்குழாயோடு எடுக்கவும் வழி உண்டு. அதில் உயரம் நன்றாகக் கிடைக்கும், ஆனால் உடன் வரும் தோல் தடிமனானது, வாய்க்குள் எளிதில் மடங்காது. காலில் குழாய் அடைப்பு இருப்பவர்களுக்குத் தோள்பட்டை எலும்பு இருக்கிறது. இதையெல்லாம் யோசித்து, அம்மாவின் காலுக்கு ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்த பிறகுதான் மருத்துவர்கள் ஃபிபுலா என்று எழுதினார்கள். அந்த அறிக்கையும் விண்ணப்பத்தோடு இருந்ததே, யாராவது பிரித்துப் பார்த்தீர்களா?

பத்து மணி நேர அறுவை, இரண்டு குழு, அப்புறம் ஒட்டிய சதை உயிரோடு இருக்கிறதா என்று மணிக்கு மணி பார்க்க ஆள். செலவுதான், ஒத்துக்கொள்கிறேன். பிளேட்டை வைத்ததற்கும், கழற்றியதற்கும், நடுவில் சீழ் பிடித்துப் படுத்திருந்ததற்கும் நீங்கள் கட்டியதைக் கூட்டிப் பாருங்கள். சிக்கனம் தெரியும்.

2013-லிருந்து குட்காவுக்குத் தடை என்கிறார்கள். எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் கேட்டால் கேட்ட கையோடு கிடைக்கிறது, எந்தக் குழுவின் ஒப்புதலும் வேண்டியதில்லை. அதை மென்றவர் தாடைக்குத்தான் இத்தனை முத்திரை, இத்தனை கையெழுத்து.

சரி, கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: ஃபிபுலா அறுவைக்கு ஒப்புதல் கொடுங்கள். மறுபரிசீலனை விண்ணப்பத்தை மீண்டும் அனுப்பியிருக்கிறோம். இந்த முறை முகத்தாடை அறுவை நிபுணர் ஒருவரோ பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரோ அதைப் படிக்கட்டும்; முடிந்தால் அம்மாவை நேரில் அழைத்தே பாருங்கள், கூட்டி வருகிறேன். அதற்குப் பிறகும் மறுப்பதானால், மறுப்பவர் எந்தத் துறை மருத்துவர் என்பதையும் கடிதத்தில் குறிப்பிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோயாளியின் மகன்