இடி முழக்கத்தில் உடையும் படம்: சுங்கை சிப்புட் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புத் தம்பி,

வணக்கம். பிற்பகலில் இடி தொடங்கியதும் மழை விழுமுன்பே டிஷ் ஆண்டெனாவில் சிக்னல் தரம் ஆடுகிறது, சிக்னல் அளவு மட்டும் அசையவில்லை, மேகத்துப் பனிதான் காரணமா என்று கேட்டிருந்தாய். இருக்கலாம். ஆனால் பனிமேல் பழி போடுமுன், டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலைப் பிடிக்கும் எல்என்பியைப் பார்.

நம் பக்கத்தில் ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு மேலேதான் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கும். அங்கே இடிமேகத்துக்குள் தட்டும் ஊசியுமாகப் பனித்துகள்கள் மிதக்கும். மழைத்துளி அலையை விழுங்கும்; பனி அநேகமாக விழுங்காது. ஆனால் துகள்கள் ஒரே வாக்கில் திரும்பி நின்றால், அலையின் ஒரு கூறு மற்றதைவிடச் சற்றுத் தாமதிக்கும். நேர்கோட்டில் அதிர்ந்த அலை ஒடுங்கிய நீள்வட்டமாகி, ஒரு போலரைசேஷனில், அதாவது ஒரு அதிர்வுத் திசையில், வந்தது மற்றதிலும் கொஞ்சம் கசியும். துகள்களைத் திருப்புவதில் மேகத்தின் மின்புலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மின்னல் வெட்டியதும் புலம் சரிந்து கசிவு சட்டென மாறும். மின்னலோடு சேர்ந்து தர எண் குதித்தால் பனியைச் சந்தேகிக்கலாம். அளவும் சேர்ந்து இறங்கினால் அது மழை. மேற்கே ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பெய்தாலும் பாதையில் படும்.

இன்னொன்று. 91.5 டிகிரி கிழக்கிலுள்ள மீசாட் செயற்கைக்கோளை சுங்கை சிப்புட்டிலிருந்து கிட்டத்தட்ட 77 டிகிரி உயரத்தில் பார்க்கிறாய். படுத்து மிதக்கும் பனித்தட்டு அடியிலிருந்து பார்த்தால் தோசைபோல வட்டமாகத்தான் தெரியும். இரு கூறுகளும் ஒன்றாகவே தாமதிக்கும். அடிவானத்தை ஒட்டிய செயற்கைக்கோளுக்குத்தான் பனி அதிகத் தொல்லை.

ஆகவே முதல் சந்தேகம் ஸ்க்யூ, அதாவது எல்என்பியின் சாய்வு. இங்கே எல்என்பி செங்குத்திலிருந்து சுமார் 63 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். 1 டிகிரி பிசகினால் இரு போலரைசேஷன்களுக்கு இடையிலான பிரிப்பு 35 டெசிபல்; இந்த எண் குறையக் குறையக் கசிவு கூடும். 5 டிகிரிக்கு 21. 10 டிகிரிக்கு 15தான். ஆனால் 5 டிகிரி பிசகிலும் சொந்த சிக்னல் வெறும் 0.03 டெசிபல்தான் குறையும். அளவைப் பார்த்தே எல்என்பியைத் திருப்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். சொந்த சிக்னலின் உச்சம் தட்டையாக இருக்கும், எதிர்ப் போலரைசேஷனின் கசிவு தாழும் பள்ளம்தான் கூர்மை. ஸ்பெக்ட்ரம் காட்டும் மீட்டரில், எதிர்ப் போலரைசேஷனில் மட்டும் கேரியர் (சிக்னலைச் சுமக்கும் அலை) உள்ள அலைவரிசையைப் பிடி. கிளாம்பைத் தளர்த்தி, அந்தக் கேரியர் மிகத் தாழும்வரை மெல்லத் திருப்பி இறுக்கு. இறுக்கும்போது நகரும், மறுபடி பார்.

இதை வானம் தெளிந்த காலையில் செய். இடிமேகத்தின்கீழ் கிடைக்கும் பள்ளம் பனியின் பள்ளம். மேகம் கலைந்ததும் அது பொய்யாகிவிடும். செம்பனைத் தோட்ட ஆபீஸில் உள்ள விசாட்டுக்கு (செயற்கைக்கோள் வழி இருவழித் தொடர்புக்கான சிறு டிஷ்) இன்னும் கவனம் வேண்டும். அது அனுப்பவும் செய்வதால், உன் கசிவு வேறொருவர் சேனலைக் கெடுக்கும். செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு மையத்தோடு போனில் பேசிக்கொண்டே, அவர்கள் கேட்கும் பிரிப்பு, பொதுவாக 30 டெசிபல் அளவு, வரும்வரை திருப்பு.