ஒருவர் தலையில் ஏற்றிய பயம்

மதுரை

அன்புள்ள அந்தோணி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் சரசுவின் கண். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று அறுவை சிகிச்சை செய்தோம். நல்லபடியாக முடிந்தது. இப்போது சுவர்க் காலண்டரின் தேதியைக் கட்டிலில் இருந்தபடியே படிக்கிறாள். ஒரு வாரம் கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், சொட்டு மருந்து விடுவதும் பேப்பர் படித்துக் காட்டுவதுமாக என் நாட்கள் போயின.

அப்பாவின் வருஷப் பூசை முடிந்ததை எழுதியிருந்தாய். வர முடியாமல் போனது எனக்கு ஆறவே இல்லை. அவருடைய கட்டுமரம் கொல்லையில் சும்மா கிடக்கிறது, விறகுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறான் தம்பி என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று ராத்திரிதான், பேரன் போட்டுவிட்டுப் போன ஒரு படத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

படத்தின் பெயர் 'கோன்-டிக்கி'. நார்வேக்காரர்கள் 2012-ல் எடுத்தது. யோவாக்கிம் ரோன்னிங், எஸ்பென் சாண்ட்பெர்க் என்று இரண்டு இயக்குநர்கள். கதை நடந்த கதைதான். 1947 ஏப்ரல் 28-ம் தேதி பெரு நாட்டின் கல்யாவ் துறைமுகத்திலிருந்து தோர் ஹேயர்டால் என்ற நார்வே ஆய்வாளரும் ஐந்து பேரும் ஒரு கிளியும் தெப்பத்தில் கிளம்பினார்கள். பசிபிக் தீவுகளின் ஆதி மக்கள் தென் அமெரிக்காவிலிருந்து இப்படி வந்திருக்க முடியும் என்று காட்டத்தான். 101 நாட்கள், ஏறக்குறைய 6,900 கிலோமீட்டர். ஆகஸ்ட் 7-ம் தேதி பசிபிக் கடலின் நடுவில் ராரோயா என்ற தீவின் பவளப்பாறையில் மோதிக் கரை சேர்ந்தார்கள். கிளி மட்டும் போய்ச் சேரவில்லை, வழியிலேயே அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. படத்தில் அதைச் சுறா விழுங்குவதாகக் காட்டுகிறார்கள்.

சரசு கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நான் கீழே ஓடும் எழுத்தைப் படித்து, என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் காட்சியிலேயே சின்னப் பையன் ஒருவன் பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் போய்விடுகிறான். தண்ணீரைக் கண்டு பயந்த அந்தப் பையன்தான் பின்னால் தெப்பம் கட்டுகிறான். "நீச்சல் தெரியாதவனா கடலுக்குப் போறான்?" என்று சரசு எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தத் தெப்பம் உன் அப்பாவுடைய கட்டுமரத்துக்கு உறவுக்காரன் மாதிரி, அந்தோணி. ஈக்வடார் காட்டில் வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்த ஒன்பது பால்சா மரங்கள். நீளமானது 14 மீட்டர் வரும். எல்லாவற்றையும் சணல் கயிற்றால் கட்டினார்கள். ஓர் ஆணி கிடையாது, கம்பி கிடையாது. கடலும் கப்பலும் அறிந்தவர்கள் பார்த்துவிட்டு, மரத்தோடு மரம் உரசிக் கயிறு சீக்கிரமே தேய்ந்து அறுந்துவிடும் என்றார்கள். கணக்குப்படி அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் பால்சா மிருதுவான மரம். கடலில் ஊற ஊற, கயிறு மரத்துக்குள் மெல்லப் புதைந்து தனக்கென ஒரு பள்ளம் செய்துகொண்டது. உரசலே அதற்கு எட்டவில்லை. கெட்டியான மரமாக இருந்திருந்தால் அறுந்திருக்கும். இதை ஹேயர்டாலின் புத்தகத்தில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்னொன்று, அவர்கள் காய்ந்த மரத்தை எடுக்கவில்லை. பச்சையாக வெட்டிய மரம். உள்ளே இருந்த சாறுதான் கடல்தண்ணீரை உள்ளே விடாமல் தடுத்தது. உன் அப்பா கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் காயப் போடுவாரே, அது ஞாபகம் வந்தது. தினமும் கரைக்கு வருகிறவனுக்குக் காய்ந்த மரம், நூறு நாள் கரையே காணாதவனுக்குப் பச்சை மரம்.

கல்லூரி விடுமுறையில் என்னை உங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாயே, அப்போது உன் அப்பா என்னைக் கட்டுமரத்தில் ஏற்றினார். அலை வந்து கணுக்கால்வரை ஏறியதும் நான் கத்தினேன். "வந்த தண்ணி வந்த வழியே போயிரும் மக்கா, இது வள்ளம் இல்ல" என்றார். ஹேயர்டாலின் தெப்பத்திலும் அதேதான். பின்பக்கம் மலைபோல் வந்து விழுந்த தண்ணீரெல்லாம் மரங்களின் இடுக்கு வழியாக இறங்கிப் போனது. இறைக்க வேண்டிய வேலையே இல்லை.

இப்போது என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். ஹெர்மன் வாட்சிங்கர் என்று ஒருவர். ஆறு பேரில் முதலில் சேர்ந்தவர், பயணத்தில் ஹேயர்டாலுக்கு அடுத்த பொறுப்பு அவருக்குத்தான். படத்தில் அவர் பருத்த உடம்புக்காரர், குளிர்பதனப் பெட்டி விற்கிறவர், எதைக் கண்டாலும் நடுங்குகிறவர். மரம் ஊறுகிறது, மூழ்கப் போகிறோம் என்று அலறுகிறார். ஒளித்துக் கொண்டுவந்த இரும்புக் கம்பியை நீட்டி, இதைக் கட்டு என்று ஹேயர்டாலிடம் கெஞ்சுகிறார். அவரோ அதை வாங்கிக் கடலில் எறிகிறார். நடிகர் ஆண்டர்ஸ் பாஸ்மோ கிறிஸ்டியன்சன் நன்றாகவே செய்திருக்கிறார், அதில் குறை இல்லை. ஆனால் நிஜமான வாட்சிங்கர் குளிர்பதனத் தொழில்நுட்பம் படித்த பொறியாளர், வாட்டசாட்டமான மனிதர். படம் வந்தபோது அவர் குடும்பத்தார் வேதனைப்பட்டு ஆட்சேபம் தெரிவித்தார்கள். அவர் 1986-லேயே காலமாகிவிட்டார். அறுவரில் கடைசியாக இருந்த க்னுட் ஹாக்லண்டும் 2009-ல் போய்விட்டார். இல்லை, இது இப்படி நடக்கவில்லை என்று சொல்ல அந்தத் தெப்பத்தில் இருந்த ஒருவர்கூட மிஞ்சவில்லை.

சரசு கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "ஆறு பேருக்கும்தானே பயம் இருந்திருக்கும்? எல்லாத்தையும் தூக்கி இவர் தலையில வெச்சுட்டாங்க."

அவள் சொன்னது எவ்வளவு சரி என்பது ஹேயர்டாலே எழுதிவைத்ததில் இருக்கிறது. மரம் ஊறியதைப் பார்த்து அவருக்கே கலக்கம் வந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஊறிய மரத்தில் ஒரு துண்டைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டிருக்கிறார். அது சத்தமில்லாமல் அடியில் போய்விட்டது. அப்புறம் பார்த்தால், மற்றவர்களில் இரண்டு மூன்று பேரும் ஆளில்லாத நேரமாகப் பார்த்து அதையே செய்திருக்கிறார்கள்! கத்தியால் குத்திப் பார்த்தபோதுதான், மேலே ஓர் அங்குலம் போல ஊறியிருந்தாலும் உள்ளே மரம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்து மூச்சு வந்தது.

இதைப் படமாக எடுத்திருக்கக் கூடாதா? தன் பயத்தை மற்றவன் தெரிந்துகொள்ளக் கூடாது என்று ஆளாளுக்கு ஒளிந்து ஒளிந்து துண்டு பிய்த்துப் போடுகிறார்கள். இதைவிடப் பெரிய நாடகம் எது? ஒருவனைக் கோழையாக்கினால்தான் மற்றவர் வீரராகத் தெரிவார் என்று நினைத்துவிட்டார்கள்.

ஹெர்மன் கடலில் விழுகிற காட்சி மட்டும் நடந்ததுதான். காற்றில் பறந்த ஒரு படுக்கைப்பையைப் பிடிக்கப் போய்த் தவறி விழுந்தார். அந்தத் தெப்பத்தைத் திருப்ப முடியாது, நிறுத்த முடியாது. நீந்துகிறவனைவிட வேகமாக அது போய்க்கொண்டே இருக்கும். எறிந்த மிதவையைக் காற்று திருப்பி அடித்தது. க்னுட் ஹாக்லண்ட் மிதவையைக் கையில் பிடித்தபடி தலைகீழாகக் குதித்தார். போர்க்காலத்தில் ஜெர்மானியர்கள் அணு ஆராய்ச்சிக்காகக் கைப்பற்றி வைத்திருந்த கனநீர் ஆலையைத் தகர்த்த வேலையில் வயர்லெஸ் இயக்கியவர் அவர். இருவரையும் மற்ற நால்வரும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். இந்தக் காட்சியைச் சொல்லும்போது எனக்கே குரல் அடைத்துக்கொண்டது. சரசு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குறை சொல்லியே எழுதிவிட்டேன். கடலை அவர்கள் கடலாகவே காட்டியிருக்கிறார்கள். மால்டா அருகே நிஜக் கடலிலும் எடுத்தார்களாம். ராத்திரியில் தண்ணீரே ஒளிவிடுவதும், திமிங்கிலச் சுறா தெப்பத்துக்கு அடியில் புகுந்து வெளியே வருவதும் மறக்காது. பேச்சு வரும் காட்சிகளை நார்வே மொழியிலும் ஆங்கிலத்திலும் இரண்டு தடவை எடுத்திருக்கிறார்கள். நீ நார்வே மொழியில் பார். அந்த முகங்களுக்கு அந்தப் பேச்சுதான் பொருந்துகிறது. ஹேயர்டாலாக வரும் போல் ஸ்வெர்ரே ஹாகன் பேசாமல் நிற்கும்போதுதான் நன்றாக இருக்கிறார். அவருடைய மனைவி லிவ்வுக்கு இரண்டு பிள்ளைகளோடு ஊரில் காத்திருக்கும் வேலை. இந்தப் பயணத்தோடு அந்தத் திருமணமும் முடிந்துபோனது. அதைப் படம் மறைக்கவில்லை, அதற்காகவே எனக்குப் பிடித்தது.

ஹேயர்டாலின் கொள்கை என்ன ஆயிற்று என்று நீ கேட்பாய். பசிபிக் தீவுகளில் முதலில் குடியேறியவர்கள் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்றார். அது நிற்கவில்லை, மொழியும் மரபணுவும் ஆசியப் பக்கத்தைத்தான் காட்டுகின்றன. ஆனால் 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, கி.பி. 1200 வாக்கில் அந்தத் தீவு மக்களுக்கும் அமெரிக்கப் பழங்குடிகளுக்கும் ரத்தக் கலப்பு நடந்திருக்கிறது என்று சொல்கிறது. தென் அமெரிக்கச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே அங்கே இருந்திருக்கிறது. யாரோ, எந்தப் பக்கமிருந்தோ, கடலைத் தாண்டியிருக்கிறார்கள்.

ஹேயர்டாலின் தெப்பத்தை ஓஸ்லோவில் அருங்காட்சியகம் கட்டி வைத்திருக்கிறார்கள். உன் அப்பாவின் மரத்துக்கு அவ்வளவு வேண்டாம். கொல்லையில் இரண்டு கல்லை அடுக்கி, மண் படாமல் தூக்கி வைத்தால் போதும். தம்பியிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்.

டாக்டர் சரி என்றால் தை பிறந்ததும் நானும் சரசுவும் வருகிறோம். அதற்குள் ஒரு வேலை செய். உன் அப்பா கட்டிய கயிறு அந்த மரங்களில் பதிந்த தடம் இன்னும் இருக்கிறதா, விரல் வைத்துப் பார்த்து எழுது.

அன்புடன்,
சண்முகம்