உப்பும் உறுதியும்: பழைய வீடு வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

'பழைய வீட்டுடன் 12 பேர்ச் காணி விற்பனைக்கு' என்ற மாதிரி விளம்பரங்கள் மட்டக்களப்புப் பக்கம் அடிக்கடி கண்ணில் படுகின்றன. வாங்கித் திருத்தி விற்கலாம், வாடகைக்கு விடலாம் என்று வருகிறவர்கள் பேர்ச் (காணி அளவு) விலையைக் கேட்பார்கள், சுவரில் வெடிப்பை எண்ணுவார்கள், விலையைக் குறைக்கச் சொல்வார்கள். வெடிப்புக்கு வைத்தியம் உண்டு. எங்கள் ஊரில் காசைத் தின்பது சுவரில் ஏறும் உப்பும், காணியின் உரிமைப் பத்திரமான உறுதியும்தான்.

கடலுக்கும் வாவிக்கும் இடையில் உள்ள கல்லடி, நாவற்குடா வீடுகளைக் கோடையில் பார்த்து முற்பணம் கொடுக்காதீர்கள். மார்கழி மழையில் பாருங்கள். தரையிலிருந்து மூன்றடிக்குப் பூச்சு பொருக்காகக் கழன்று, வெள்ளைத் தூளாக உப்பு பூத்திருக்கும். புதுப் பெயின்ற் அடித்து மறைத்திருந்தால் சாவியால் தட்டுங்கள். விட்டுப்போன பூச்சு பொள்ளென்று சத்தம் போடும். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கு மேல் சீமெந்து பூசியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஈரம் வெளியே போக வழியில்லாமல் மேலே ஏறி, மூன்றடியில் நின்றது ஐந்தடிக்குப் போகும்.

ஈரக் கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி வரை பூச்சை உடைத்து, கல் இடுக்குகளை அரை அங்குலம் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டிக் கூட்டி அள்ள வேண்டும். தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்பு திரும்பவும் சுவருக்குள்ளேயே போகும். பங்குனி தொடக்கம் ஆவணி வரை சுவரைக் காயவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல் சேர்த்து, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேற்படாமல் பூசுங்கள். மேசன் 'ஒரு சட்டி சீமெந்து போட்டால் கெட்டியாக நிற்கும்' என்பார். பக்கத்தில் நின்று தடுக்காவிட்டால் போட்டும் விடுவார்.

கொங்கிரீட்டில் உப்பு வேறு முகம் காட்டும். கடல் மணல் கலந்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி, கதவு, ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலின் அடிப்பக்கம் கம்பியின் நீளத்துக்கே வெடிக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு பெரும்பாலும் அத்திவாரம் இறங்கியதால் வந்தது, அதைத் திருத்தலாம். மேல்தட்டு முழுவதும் கம்பி வீங்கியிருந்தால் வீட்டுக்கு விலை போடாதீர்கள், காணிக்கு மட்டும் போடுங்கள். உடைத்து அள்ளும் கூலியையும் அதில் கழியுங்கள்.

கூரையில் ஓடுகளைப் பார்ப்பதை விட, கைமரம் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) சுவர்வளையில் (சுவர் உச்சியில் படுக்க வைத்த மரம்) குந்தும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மரம் அங்கேதான் முதலில் உக்கும். 1978 சூறாவளி கண்ட ஊர் இது. சுவர்வளையை போல்ட் போட்டுச் சுவரோடு இறுக்காமல் ஓடு ஏற்ற வேண்டாம்.

இனி உறுதி. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். பெற்றோர் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை வீட்டை ஆளும் உரிமையை, தங்களுக்கு வைத்துக்கொண்டு நன்கொடை உறுதி எழுதுவது சாதாரணம். மகள் கனடாவிலிருந்து விற்கச் சம்மதித்தாலும், தாய் இருக்கும்வரை வீட்டை ஆளும் உரிமை தாய்க்குத்தான். அவரும் கையொப்பம் வைக்க வேண்டும். அற்றோணித் தத்துவத்தை (இன்னொருவர் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) காட்டி விற்க வருபவரிடம், அதைக் கொடுத்தவர் இன்றும் உயிரோடு இருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் இறந்த நாளோடு அந்தத் தத்துவமும் முடிந்துவிடும். காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவுகளைத் தேடுவித்த பிறகே முற்பணம்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறைக் குடியேற்றத் திட்டங்களிலும் மலிவாக வரும் பல வளவுகள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள் (பயன்படுத்த அனுமதி மட்டும்) அல்லது அளிப்புக் காணிகள் (நிபந்தனைகளோடு அளித்தவை). பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாத கைமாற்றம் செல்லாது. வெள்ளைத் தாளில் ஒப்பம் வாங்கி வீட்டுக்கு ஓடு போட்டவர், ஊரான் வீட்டுக்குத்தான் ஓடு போட்டிருக்கிறார். இலங்கைக் குடியுரிமையை விட்டவர்கள் இரட்டைக் குடியுரிமை பெறாமல் தங்கள் பெயரில் காணி வாங்கவும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடையாக நிற்கிறது.

கணக்குப் போடும்போது முத்திரை வரியை மறக்கிறவர்கள் பலர். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு 3 இலட்சத்து 99 ஆயிரம். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் அறை கூட்டிக் கட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்கள அனுமதி முதலில் வேண்டும்.

காணி விளம்பரம் தருபவர்களிடம் பேர்ச்சோடு சேர்த்து, 'உறுதி', 'அளிப்பு', 'அனுமதிப்பத்திரம்' என்ற மூன்றில் எது என்பதையும் எழுதித் தரும்படி உங்கள் விளம்பரப் பகுதி கேட்டால் என்ன?

இப்படிக்கு,
வீடு திருத்தும் தொழிலில் உள்ளோர்,
கல்லடி, மட்டக்களப்பு.